மகன் இருக்கிறார் என்று தள்ளிவிட்டார்கள்: அத்தைக்கு வேறு என்ன வழி?

கேள்வி: என் அத்தைக்கு 68 வயது. மாமா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2019 மார்ச்சில் இறந்துவிட்டார். அதுவரை அவருக்கு மாதம் 1,650 ரூபாய் பி.எஃப். பென்ஷன் வந்தது. அவர் போனதும் பேங்க்கில் சொல்லி நிறுத்திவிட்டோம். அத்தை பல வருஷம் வீட்டு வேலைக்குப் போனவர், முட்டி வலியால் இப்போது முடியவில்லை. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஒரே மகன், குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறார். கொடுங்கையூரில் அத்தை பெயரில் இருந்த வீட்டை 2020-இல் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், வாடகை மகனுக்குப் போகிறது. அத்தை எங்கள் தெருவில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறார். அதன் வாடகை 3,500 ரூபாயை நானும் தம்பியும் கொடுக்கிறோம். முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம், மகன் இருக்கிறார் என்று தள்ளிவிட்டார்கள். அத்தை பெயர் இன்னும் மகனுடைய கொடுங்கையூர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. 6,000 ரூபாய் கொடுத்தால் பென்ஷன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? மகன் மேல் புகார் கொடுக்கலாம் என்றால் அத்தை அழ ஆரம்பித்துவிடுகிறார்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: முதியோர் நலப் பிரிவில் பணிபுரியும் ஒரு சமூகப் பணியாளர்

வணக்கம். ஆறாயிரம் ரூபாய்க் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். அந்த ஆளும் நீங்கள் போன அதே இ-சேவை மையத்துக்குத்தான் போவார், அதே விண்ணப்பத்தைத்தான் போடுவார். கிடைத்தால் தன்னால் கிடைத்தது என்பார், கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கடிதம் முழுக்க முதியோர் உதவித்தொகையைப் பற்றியது. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாமாவுக்கு பி.எஃப். பென்ஷன் வந்தது, அவர் போனதும் நிறுத்திவிட்டோம். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அவருக்கு வந்தது 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வரும் பென்ஷன். அது அவரோடு முடிவதில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் அதில் பாதி மனைவிக்கு வர வேண்டும். 1,650-இல் பாதி 825 ரூபாய். ஆனால் 2014 செப்டம்பர் முதல் இந்தத் திட்டத்தில் கணவரை இழந்தவருக்கும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே அத்தைக்கு மாதம் 1,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். விதிப்படி அது கணவர் இறந்த மறுநாளிலிருந்தே கணக்கு. ஆறு வருடத்துக்கு மட்டும் பார்த்தாலும் 72,000 ரூபாய் ஆகிறது.

நீங்கள் செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. இறந்தவர் கணக்கில் பணம் விழக்கூடாது என்று வங்கிக்குத் தெரிவித்தது சரிதான். அதோடு சேர்த்து மனைவிக்கான விண்ணப்பத்தையும் போட வேண்டும் என்பதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆலை வேலை, கம்பெனி வேலை என்று இருந்தவர்களின் வீட்டில் பி.எஃப். என்றால் மொத்தமாக வந்த பணம் மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மாதாமாதம் வந்தது அவருடைய பணம், அவரோடு போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. மகன் இருக்கிறாரா, சம்பாதிக்கிறாரா, சொத்து யார் பெயரில் இருக்கிறது என்றெல்லாம் பி.எஃப். அலுவலகம் கேட்காது. அங்கே தெரிய வேண்டியது இரண்டுதான்: மாமா இறந்தது உண்மையா, அத்தை அவருடைய மனைவியா. உங்கள் விண்ணப்பத்தை எந்தக் காரணம் சொல்லித் தள்ளினார்களோ அந்தக் காரணமே இங்கே கிடையாது.

தேவையானவை: மாமாவின் இறப்புச் சான்று, அவருடைய பி.பி.ஓ. எண் (பென்ஷன் வழங்கல் ஆணையின் எண்), அத்தையின் ஆதார், அத்தை பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கின் பாஸ்புக், புகைப்படங்கள், படிவம் 10டி. பி.பி.ஓ. புத்தகம் தொலைந்து போயிருந்தால் பதற வேண்டாம். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் ஓய்வூதியர் இணையதளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. அதற்காகவாவது மாமாவின் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுங்கள். மாதாமாதம் 1,650 விழுந்த பக்கங்களே ஒரு சாட்சிதான், பத்திரமாக நகல் எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கை மூடிவிட்டீர்கள் என்றால், பென்ஷன் விழுந்ததைக் காட்டும் கணக்கு அறிக்கையை வங்கிக் கிளையில் எழுதிக் கேளுங்கள்.

கம்பெனி அம்பத்தூரில் என்பதால் அநேகமாக அம்பத்தூர் மண்டல அலுவலகத்தில்தான் கோப்பு இருக்கும். இல்லை என்றால் ராயப்பேட்டை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி பி.எஃப். அலுவலகங்கள் குறைகேட்பு முகாம் நடத்துகின்றன, விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில் நடக்கும். இத்தனை வருடம் கழித்து வரும் விண்ணப்பம் என்பதால் கவுன்டரில் நிற்பதைவிட அந்த முகாமில் அதிகாரியிடம் நேராகக் கொடுப்பது நல்லது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எங்கே சிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெயரில் சிக்கும். மாமா கம்பெனியில் சேர்ந்தபோது மனைவி பெயரை ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். பிறந்த தேதியும் அப்படித்தான். நம் பாட்டிமார், அத்தைமார் பலருக்கும் ஆதாரில் ஜனவரி 1-தான் பிறந்தநாள். பதிவு செய்தவர் வயதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்ட விளைவு அது. இதற்காக ஆதாரைத் திருத்த உடனே ஓடாதீர்கள். பிறந்த தேதியை ஆதாரில் ஒருமுறைதான் மாற்ற முடியும். பி.பி.ஓ.வில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

பென்ஷன் வர ஆரம்பித்தால் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நின்றுவிடும். முன்பு வங்கிக்கு நடந்து போக வேண்டியிருந்தது. இப்போது கைபேசியிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம், உங்கள் தம்பி செய்து கொடுத்துவிடுவார். 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பென்ஷனை நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் மாமா கணக்கு வைத்திருந்த பழைய கிளையையே பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சரி, முதியோர் உதவித்தொகை என்ன ஆகும்? அது ஆதரவும் வேறு வருமானமும் இல்லாதவர்களுக்கானது. பி.எஃப். பென்ஷன் வரத் தொடங்கினால் இதை எதிர்பார்க்க முடியாது. இது 1,200, அது 1,000, இருநூறு ரூபாய் நஷ்டமாயிற்றே என்று யாராவது உங்களைக் குழப்புவார்கள். நிலுவைத் தொகையைக் கணக்கில் எடுங்கள். அதோடு, உதவித்தொகை விசாரணைக்கு உட்பட்டது. இன்று கொடுத்ததை நாளை மறு ஆய்வில் நிறுத்தவும் செய்வார்கள். கணவர் உழைத்துக் கட்டிய பணத்திலிருந்து வருவதை அப்படி நிறுத்த முடியாது. இரண்டையும் மறைத்து வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எல்லாமே ஆதாரில் கோத்திருக்கிறது. பிறகு வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தால் 70 வயதில் அவர் எங்கே போவார்?

ஏதோ ஒரு காரணத்தால் பி.எஃப். வழி அடைபட்டால் மட்டும் உதவித்தொகைக்குத் திரும்புவோம். அதன் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2011-இல் 1,000 ஆகி, 2023-இல் 1,200 ஆனது. 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய அரசின் பங்கு அதில் 200 ரூபாய்தான். 2006-இல் நிர்ணயித்த 200 அது. அப்போது ஒரு கிலோ பருப்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மீதியை மாநில அரசு போடுகிறது. ஆகவே தகுதி இருந்தும் காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை கிடைக்கும் என்பது கூடுதல். உங்கள் தெருவில் வாங்குபவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மனு தள்ளப்பட்டதற்குக் காரணம் மகன் இருப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகாரியின் மேசையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் கொருக்குப்பேட்டை முகவரி. குடும்ப அட்டையில் கொடுங்கையூர் முகவரி, அதில் சம்பாதிக்கும் மகன், மருமகள், பேரக்குழந்தைகள், அவர்களோடு அத்தை. அட்டையைப் பார்ப்பவருக்கு இவர் மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தாய். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலரிடம் அக்கம்பக்கத்தில் யாராவது ‘பையன் ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான்’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் தனியாகப் பொங்கித் தின்பதும் வாடகையை நீங்கள் கொடுப்பதும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆகவே அடுத்த வேலை ரேஷன் கார்டு. உதவித்தொகைக்குப் போகாவிட்டாலும் இது தேவை. மருத்துவக் காப்பீடு, வருமானச் சான்று எல்லாமே இதைப் பார்த்துத்தான் நகரும். மகனுடைய அட்டையிலிருந்து பெயரை நீக்கி, தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டும் உள்ள அட்டை கொடுக்கிறார்கள். தனிச் சமையல் இருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள், ஒரு அடுப்பும் நாலு பாத்திரமும் கண்ணில் பட வேண்டும். அதற்கு முன் ஆதார் முகவரியைக் கொருக்குப்பேட்டைக்கு மாற்றுங்கள். வீட்டுக்காரர் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். இந்த ஊரில் ஒற்றை அறை வாடகைக்கு ஒப்பந்தம் போடுவது அபூர்வம்தான். வரி, வாடகைக் கணக்கு என்று பயப்படுவார்கள். வயதானவருக்கு ரேஷன் கார்டு எடுக்க மட்டும்தான் என்று நீங்கள் நேரில் பேசினால் பலர் இறங்கி வருவார்கள்.

பெயரை இணையதளம் வழியாக நீக்கினால் அட்டையோடு பதிவான கைபேசிக்கு ஓ.டி.பி. போகும். அது உங்கள் அத்தை மகனுடைய கைபேசியாகத்தான் இருக்கும். ஆகவே அவரோடு ஒரு பேச்சு தவிர்க்க முடியாது. என் யோசனை: அந்தப் பேச்சில் வீட்டையும் வாடகையையும் இழுக்காதீர்கள். ‘அம்மாவுக்குக் காப்பீட்டு அட்டை எடுக்க வேண்டும், தனி கார்டு இருந்தால் சுலபம், ஒரு ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். காசு செலவில்லாத உதவி என்றால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் கொடுங்கையூர் கடை எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்தில் அத்தையே எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். சென்னையில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை இந்த மண்டல அலுவலகங்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் நீக்கம், சேர்ப்பு, முகவரி மாற்றம் எல்லாம் அங்கே பார்ப்பார்கள்.

தனி அட்டை வந்த பிறகு, ரேஷன் கடைக்கு நடக்க முடியவில்லை என்றால் தாயுமானவர் திட்டத்தைக் கேளுங்கள். துணையில்லாமல் வாழும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். 2025 ஆகஸ்டில் உங்கள் பக்கத்துத் தண்டையார்பேட்டையில்தான் தொடங்கி வைத்தார்கள். முதலில் 70 வயது கடந்தவர்களுக்கு என்று வந்தது. அத்தை அட்டைக்கு இப்போதே பொருந்துமா என்று கடையில் கேட்டுவிடுங்கள். மகனோடு ஒரே அட்டையில் இருக்கும்வரை இதெல்லாம் பொருந்தாது. கைரேகை பதியவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பினால் கண் கருவிழியைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். பாத்திரம் தேய்த்தே வாழ்ந்த கைகளில் ரேகை எங்கே இருக்கும்?

பென்ஷனும் கார்டும் மாதக்கணக்கில் இழுக்கும் விஷயங்கள். எந்தக் காகிதமும் இல்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, கண். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 1819-இல் தொடங்கிய மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே புரை அறுவைச் சிகிச்சை இலவசம், காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரும் பழைய மருந்துச் சீட்டுகளும் போதும். சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால்தான் அறுவைக்குத் தேதி கொடுப்பார்கள். அதனால் முதல் தடவை போனதும் ‘சுகர் இறங்கட்டும், அப்புறம் வாங்க’ என்று சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கண் தெளிந்தால் முட்டி வலியோடும் தானாகவே நடமாடுவார். ஒரு கண் மங்கிய முதியவர் படியில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு வருவதை எங்கள் பிரிவில் நிறையப் பார்க்கிறோம். அந்தச் செலவையும் வேதனையையும் எந்த உதவித்தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

சர்க்கரை, அழுத்த மாத்திரைக்கு இப்போது மருந்துக் கடையில் காசு கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். அருகில் இருக்கும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் திட்டம் இது. முட்டிக்குப் பிசியோதெரபி செய்பவரும் வீட்டுக்கு வருவார். கேட்டால்தான் வருவார் என்பதால் பதியும்போதே முட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவு உங்களுக்குப் பக்கம். ஏழெட்டு நோய் ஒன்றாகச் சேர்ந்து எந்தப் பிரிவுக்குப் போவது என்றே தெரியாத நிலை வந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் கொருக்குப்பேட்டையிலிருந்து கிண்டி போய் வருவது அந்த முட்டிக்குப் பெரிய வேலை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. மகனுடைய அட்டையோடு போனால் மகனுடைய சம்பளமும் சேர்ந்து வரும். தனி அட்டையோடும் தனி வருமானச் சான்றோடும் போனால் தடை இருக்காது. முட்டி மாற்று அறுவை வரைக்கும் போக வேண்டியிருந்தால் இந்த அட்டைதான் கைகொடுக்கும். பதிவு, ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில்.

பஸ் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் 2021 முதலே கட்டணம் இல்லை. அது தவிர, சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறது. குளிர்சாதனப் பேருந்தைத் தவிர மற்றவற்றில் பயன்படும். சாதாரண பஸ் வரட்டும் என்று மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டாமே என்பதற்காக வாங்கி வையுங்கள்.

வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு யாராவது உங்களை அனுப்பக்கூடும். அதில் 60 வயதுக்குள் உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். அத்தை பதியவில்லை என்றால் அந்தக் கதவு மூடியாயிற்று. உங்கள் தெருவில் இன்னும் 60 தொடாமல் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக வீடும் மகனும். நீங்கள் ‘புகார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அத்தைக்கு அதைக் கேட்டதும் போலீஸ், கோர்ட், ஊர்ச் சிரிப்பு எல்லாம் கண்ணில் வருகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 அப்படி நடக்காது. கோட்டாட்சியர்தான் அதன் தீர்ப்பாயத் தலைவர். உங்களுக்கு வட சென்னைக் கோட்டம். அத்தை வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம், ஓசூர் போக வேண்டியதில்லை. வக்கீலும் தேவையில்லை. மனுவை எடுத்ததும் சமரச அலுவலரிடம் அனுப்பி இருதரப்பையும் உட்கார வைத்துப் பேசிப் பார்க்கவும் அதில் இடமிருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம்.

எழுதிக் கொடுத்த வீட்டைப் பற்றி அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பேசுகிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு நன்மை கிடைக்கும்படி தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே 2020 பத்திரத்தின் நகலை எடுத்து என்ன வாசகம் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலேயே அத்தைக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

ஆனால் பத்திரத்தை ரத்து செய்வதில் இறங்கச் சொல்லி நான் உங்களைத் தூண்ட மாட்டேன். அத்தைக்கு இப்போது வேண்டியது வீடு இல்லை, வாடகை. கொடுங்கையூர் வீட்டு வாடகையில் ஒரு பகுதி, இவருடைய அறை வாடகைக்காவது, நேராக அத்தை கணக்குக்கு வந்தால் போதும். அதைச் சமரசப் பேச்சில் கேட்கலாம், அதற்கு முன் குடும்பத்துக்குள்ளேயே கேட்கலாம். மகனுக்குத் தாய்மாமன் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள். உங்கள் அப்பா இருந்தால் அவரே அந்த முறைக்காரர். நீங்கள் பேசினால் ‘வீட்டுக்கு அடிபோடுகிறாள்’ என்று திரும்பும், ஜாக்கிரதை.

மனுக் கொடுப்பதா வேண்டாமா என்பது அத்தையின் முடிவு. அவர் எழுதிக் கொடுத்து அதிகாரம் தந்தால்தான் அவர் சார்பில் நீங்கள் போட முடியும், அவருக்குத் தெரியாமல் போட முடியாது. அழுகிறார் என்றால் இன்று விட்டுவிடுங்கள். பி.எஃப். பணம் வந்து, கையில் தன் காசு இருக்கும்போது மறுபடி கேட்டுப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. இதற்கிடையில் மூன்றாவது மனிதர் ஒருவரோடு பேசினால் தெளிவு வரும் என்று தோன்றினால், மூத்த குடிமக்களுக்கான 14567 எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை தமிழிலேயே பேசலாம். அந்த அழைப்பை அத்தையே செய்யட்டும், நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள்.

இப்போதைக்கு இந்த வரிசையில் போங்கள்: இந்த வாரம் எழும்பூரும் சுகாதார நிலையமும், வரும் 27-ஆம் தேதி பி.எஃப். முகாம், அதற்கடுத்த இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் முகாம். முகாமுக்குப் போகும் முன் மகனுடைய குடும்ப அட்டையின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எண் இல்லாமல் போனால் மனுவைக் கையில் வாங்க மாட்டார்கள்.